தாலியை நகர்த்திய பிறகும் கேட்ட சத்தம்

2023 ஆகஸ்ட் 2, புதன்கிழமை; ஆடி பதினேழு. முதல் நாள் பௌர்ணமி. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வரவில்லை. கிரிவலம் முடித்தவர்கள் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் கூட்டத்தில் பால்காரரின் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழையத் தாமதமாகும் என்பது தெரிந்ததுதான். கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். முந்தின நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். துணிகளை ஊறவைத்துவிட்டு, ஆட்டோ கிடைக்காது என்பதால் நடந்தே மருத்துவமனைக்குக் கிளம்பினேன். வழியெங்கும் தண்ணீர் பாட்டில்களும் வார் அறுந்த செருப்புகளும் கிடந்தன. துப்புரவுப் பணியாளர்கள் அவற்றைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு என் அறையின் ஜன்னலைத் திறந்து, மேசையைத் துடைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வைத்தேன். வழக்கமான நாள்.

இதை எழுதச் சொன்னது மருத்துவமனை நிர்வாகம். திருவண்ணாமலையில் உள்ள அந்தச் சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவராக நெடுங்காலம் இருந்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் இந்த ஆண்டு விலகிக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களான உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மருந்துகளைப் பற்றியும் அளவுகளைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. ஒரே ஒரு நோயாளியின் நெஞ்சில் கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றியும், அது யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் புறநோயாளிப் பிரிவு எப்படி இருக்கும் என்பதை நீங்கள் இந்நேரம் பார்த்திருப்பீர்கள். கொப்புளம் வெடித்த பாதங்கள், சுளுக்கிய கணுக்கால்கள், சர்க்கரை நோய் இருப்பதையே மறந்து வெறுங்காலில் நடந்தவர்கள், தண்ணீர் குடிக்காமல் மயங்கிய பெரியவர்கள். எங்கள் மூத்த செவிலியர் வசந்தா அன்று காலை என்னைப் பார்த்ததும், "மேடம், இன்னிக்கு முட்டிக்குக் கீழ மட்டும் பாத்தாப் போதும். மீதி உடம்ப நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

பத்து மணி இருக்கும். அவசரப் பிரிவில் இருந்த அருண் என் அறைக்கு வந்தார். படிப்பு முடித்து எங்களிடம் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம் மருத்துவர். கவனமானவர், கூச்ச சுபாவம்.

"மேடம், ஒரு வீசிங் கேஸ். இருபத்து மூணு வயசுப் பொண்ணு. நெபுலைசர் ஒண்ணு குடுத்தாச்சு. கொஞ்சம் படபடப்பு ஜாஸ்தியா இருக்குன்றாங்க. இன்னொண்ணு குடுத்துட்டு அனுப்பிடவா?"

"மூச்சு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் மேடம் இருக்கு. கொஞ்சம் ஜாஸ்தியானா மாதிரியும் தெரியுது."

மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை கொடுத்த பிறகு திணறல் கூடினால், அது உட்கார்ந்த இடத்தில் இருந்து பதில் சொல்லும் விஷயமல்ல. எழுந்து போனேன்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே கௌரி என்று வைத்துக்கொள்வோம். கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் புதுத் தாலி. இன்னும் மஞ்சள் வாசனை போகவில்லை. பக்கத்தில் அவளுடைய அம்மா அஞ்சலை, புடவைத் தலைப்பால் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். வைகாசியில் கல்யாணம் முடிந்து வேங்கிக்காலில் இருக்கும் புகுந்த வீட்டுக்குப் போனவளை, ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள்.

"கிரிவலம் போனியாம்மா?" என்றேன்.

அம்மா முந்திக்கொண்டார். "எங்க போறது டாக்டரம்மா? வூட்டுல சும்மாதான் இருந்தா. மாவு மெஷின்ல இருந்து தூசி வருதில்ல, அது ஒத்துக்கல."

"நீ சொல்லும்மா."

"படுத்தா... மூச்சு முட்டுது" என்றாள் கௌரி. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. "எழுந்து உக்காந்தா... தேவலாம். ராத்திரி ஜன்னல் கம்பிய... புடிச்சிக்கினே இருந்தேன்."

அருணை ஓரமாக அழைத்தேன். "என்ன கேட்டீங்க?"

"ரெண்டு பக்கமும் விசில் மாதிரி வீஸ் இருக்கு மேடம். ஹார்ட் வேகமா இருக்கு, மத்தபடி நார்மல். தாலிதான் ஸ்டெத்துல இடிச்சிக்கினே இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் டிக்குனு ஒரு சத்தம். அதனால கொஞ்சம் தள்ளி வச்சுக் கேட்டேன்."

இங்கே சற்று நிறுத்த வேண்டும். நம் ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் இடைஞ்சல் இது. தாலியின் பொட்டும் குண்டும் எங்கே தொங்குகின்றனவோ, அதற்கு மிக அருகில்தான் இதயத்தின் சத்தம் நன்றாகக் கேட்கும். உலோகத்தில் உலோகம் பட்டால் காதுக்குள் கூர்மையாக ஒலிக்கும். கழற்றச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் நாம் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறோம். தாலிச் சத்தத்தைக் கேட்டும் கேட்காததுபோல் கடந்து போகிறோம். புதிதாகக் கல்யாணமான பெண் என்றால், இளம் ஆண் மருத்துவர்கள் புடவைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, தாலி இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு மூச்சு கேட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் நோயாளி மரியாதை தேடி நம்மிடம் வரவில்லை. மூச்சு விட முடியாமல் வந்திருக்கிறாள்.

வசந்தாவை அழைத்துத் திரையை இழுக்கச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் அந்தப் பகுதிக்கும் வெளியே காத்திருப்பவர்களுக்கும் ஒரே சுவிட்ச். உடனே வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஃபேன யாருப்பா நிறுத்துனது?"

"டாக்டரம்மா நெஞ்சு சத்தம் கேக்குறாங்களாம்" என்றார் வாசலில் நின்ற காவலாளி.

"நாங்க காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம், எங்கள ஏன்னு கேக்க ஒருத்தரும் இல்ல."

வசந்தா திரைக்கு வெளியே தலையை நீட்டி, "இங்க ஒரு பொண்ணு மூச்சுக்குத் தவிக்குது. உங்க காலு எங்கயும் ஓடிப் போவாது, இருங்க" என்றார். அமைதியானது.

கௌரியிடம், "நெஞ்சுல துணி இல்லாமக் கேக்கணும். சிஸ்டர் பக்கத்துலயே இருப்பாங்க. சரியா?" என்றேன். தலையாட்டினாள். வசந்தா குனிந்து, "தாலியக் கையில புடிச்சு அந்தப் பக்கமா வச்சிக்கம்மா" என்றார்.

"புதுத் தாலி. ஆடி மாசத்துல கை வைக்கலாமா சிஸ்டர்?" என்று அம்மா பதறினார்.

"புடிக்கத்தான சொன்னேன். கழட்டவா சொன்னேன்? அவ தாலிய அவ புடிச்சா யாரு என்ன சொல்லுவா?"

கௌரி தாலியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தோள்பக்கம் வைத்துக்கொண்டாள். நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.

டிக் கேட்டது.

தாலி அவள் கைக்குள் இருந்தது. வேறு நகை இல்லை. என் வளையலை முழங்கைக்கு ஏற்றியிருந்தேன். என்றாலும் ஒவ்வொரு துடிப்பிலும், லப்-டப்பின் இரண்டாவது ஒலி முடிந்த கையோடு, சின்னதாக, கூர்மையாக, டிக். அவளை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கவைத்தோம். அதற்கே அவளுக்கு இரைத்தது. ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணம் போன்ற சிறிய பக்கத்தைத் திருப்பி, தோலில் பட்டும் படாமலும் வைத்துக் காத்திருந்தேன். அழுத்தினால் போய்விடும் ஒலி அது. மெல்ல வந்தது. பக்கத்துத் தெருவில் இயந்திரம் ஒன்று ஓடும்போது சுவரில் கை வைத்தால் தெரியுமே, அப்படித் தாழ்ந்த ஓர் உருட்டல். கேட்டதா, உணர்ந்ததா என்று சொல்ல முடியாத ஒலி.

பெரும்பாலும் சிறு வயதில் வரும் மூட்டுக் காய்ச்சலால், இதயத்தின் ஒரு வால்வு தடித்துச் சுருங்கிப் போகும். விறைத்த அந்தக் கதவு திறக்கும்போது எழுவதுதான் டிக். குறுகிய வழியில் ரத்தம் நெருக்கிக்கொண்டு இறங்குவதுதான் உருட்டல். இறங்க முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அங்கே கேட்ட விசில் தூசியால் வந்ததல்ல, தேக்கத்தால் வந்தது. இதயம் வேகமாக ஓடினால் தேக்கம் இன்னும் கூடும். நாம் கொடுத்த புகை மருந்து இதயத்தை வேகமாக்கும்.

வசந்தாவும் நானும் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தோம். ஆக்சிஜன் மாட்டி, செய்ய வேண்டியவற்றைச் செய்யத் தொடங்கினோம். தேக்கத்தை இறக்கும் ஊசி வேலை செய்யத் தொடங்கி, மூச்சு கொஞ்சம் தணிந்ததும் அருணை அழைத்தேன். கௌரியிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவர் காதில் என் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "டிக் இருக்கு மேடம். தாலி எங்க?" என்றார்.

கௌரி தன் மூடிய கையை அவர் முன்னால் நீட்டித் திறந்து காட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த நேரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "இங்கதான் இருக்கு டாக்டர்."

அருணை நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கேட்டதை மறைக்காமல் என்னிடம் சொல்லவும் செய்தார். "ஹார்ட் நார்மல்" என்பதோடு நிறுத்தியிருந்தால் நானும்கூட அன்றைய கூட்டத்தில் இரண்டாவது நெபுலைசருக்குத் தலையாட்டியிருக்கலாம். ஒரு சத்தத்துக்குக் காரணம் கிடைத்த கணத்தில் காது வேலையை நிறுத்திவிடுகிறது. இதுதான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். தாலி, வளையல், மார்பு முடி, மின்விசிறி, வெளியே ஒலிபெருக்கி என்று காரணம் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அந்தக் காரணத்தை நகர்த்திவைத்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். சத்தம் போய்விட்டால் நிம்மதி. போகவில்லை என்றால், உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதுவரை சொன்னது காதைப் பற்றி. எனக்கு அன்று கடினமாக இருந்தது இதற்குப் பிறகு வந்த பகல்தான்.

பரிசோதனையில் கௌரி கருவுற்றிருப்பதும் தெரிந்தது. நாள் தள்ளிப் போயிருந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மதியம் எடுத்த எக்கோ ஸ்கேனில் வால்வு நன்றாகவே சுருங்கியிருந்தது. தொலைபேசியில் பேசிய இதய மருத்துவர், இன்று நிலைப்படுத்தி நாளைக் காலை தன்னுடைய பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். வால்வைப் பலூன் வைத்து விரிக்க முடியும். எப்போது விரிப்பது, கருவை எப்படிக் காப்பது என்பதை அங்கே பார்த்து முடிவு செய்வார்கள். கர்ப்பம் வளர வளர ரத்தம் கூடும், இதயத்தின் சுமை கூடும். கவனிப்பில்லாமல் விட்டால் தாய் உயிருக்கே ஆபத்து.

அம்மாவை வராந்தாவுக்கு அழைத்து, சின்ன வயதில் கௌரிக்குக் கைகால் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"பதினோரு வயசுல வந்துச்சு டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில நெஞ்சு வால்வுன்னு சொன்னாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா இடுப்புல ஊசி. போட்டுக்கினுதான் இருந்தோம். வயசுக்கு வந்தப்புறம் நிறுத்திட்டோம்."

"ஏன் நிறுத்துனீங்க?"

"மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம் போனா, அந்தப் பொண்ணுக்கு இன்னா வியாதினு ஊரு கேக்காதா? நல்லா ஓடியாடிக்கினு இருந்தா. சரியாப் போச்சுன்னு நெனச்சோம்."

"கௌரிக்குத் தெரியுமா?"

"காலு வலிக்கு ஊசின்னு சொல்லி வச்சிருந்தோம்."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா, நாளைக்கு ஆடிப் பதினெட்டு. தாலி பிரிச்சுக் கோக்க மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. நெஞ்சு வியாதினு தெரிஞ்சா, மறைச்சுக் கட்டி வச்சுட்டீங்கன்னு எம்பொண்ண எங்கிட்டயே வுட்டுட்டுப் போயிடுவாங்க. வீசிங்னே எழுதிக் குடுங்க. உண்டாயிருக்கான்ற நல்ல சேதிய மட்டும் சொல்லிக்கலாம். மத்தத நான் மெதுவா வைத்தியம் பாத்துக்கறேன். அவளுக்கும் சொல்லிடாதீங்க, பயந்துருவா."

அவரைக் குற்றவாளியாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பயந்தது நடக்கக்கூடியதுதான். அப்படி நடந்த வீடுகளை எனக்குத் தெரியும். எழுதுவது வேண்டுமானால் என் கையில் இருந்தது; பொய்யாக எழுத முடியாது என்று சொன்னேன். ஆனால் கௌரியிடம் இப்போதே சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. அருண் வேறு, "மேடம், இப்பச் சொன்னா டென்ஷன் ஆவாங்க. ஹார்ட் ரேட் ஏறும். அங்க போனதும் அவங்களே சொல்லிக்கட்டுமே" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நாளைக் காலை வண்டியில் ஏற்றிவிட்டால் என் பொறுப்பு முடிந்துவிடும் என்கிற சௌகரியமும் இருந்தது.

மாலை வரை பொறுத்தேன். அந்தப் பொறுமை சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். துடிப்பு இறங்கியது. சாய்ந்து படுக்க முடிந்தது. ஒரு இட்லி சாப்பிட்டாள். அதற்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாவையும் இருக்கச் சொன்னேன்.

நான் முடிவுக்கு வந்த வழி இதுதான். என்னிடம் இருந்த செய்தி எங்கிருந்து வந்தது? அவள் நெஞ்சிலிருந்து வந்தது. அவள் அனுமதி கொடுத்து, தாலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட ஒருக்களித்துப் படுத்ததால் எனக்குக் கிடைத்தது. யார் நெஞ்சில் கேட்டோமோ அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அம்மாவிடமோ, கணவனிடமோ, மாமியாரிடமோ சொல்வதும் சொல்லாததும் அவருடைய விருப்பம். எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது என்பது மட்டுமே நம்முடைய வேலை.

மூன்று விஷயங்களையும் சொன்னேன்: வால்வு, கர்ப்பம், நாளைக்குப் போக வேண்டிய இடம். சரிசெய்ய வழி இருக்கிறது என்பதையும், ஆபத்து இல்லாத வழி அல்ல என்பதையும் சொன்னேன். அவள் ஒரு கையை வயிற்றின் மேலும் இன்னொன்றை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஊசி... காலு வலிக்கு இல்லியா?"

அஞ்சலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"அழுவாதம்மா. நான்தான அழணும்?" என்றாள். பிறகு என்னிடம், "டாக்டர், போன் பேசலாமா?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு."

"வேணாண்டி" என்றார் அம்மா. "நாளைக்கு அவங்க வரட்டும், நேருல பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"நீ பக்குவமாத்தாம்மா இத்தன வருசமாச் சொன்ன."

அவளுடைய கணவன் சதீஷ், கோயிலுக்கு அருகில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் வேலை பார்த்தார். பௌர்ணமிக் கூட்டம் இன்னும் வடியாத நாள். கௌரி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். எனக்கு நெஞ்சுல ஒரு வால்வு சுருங்கியிருக்குதாம். சின்ன வயசுலேர்ந்து இருக்குது. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எங்கம்மாவுக்கு முன்னாடியே தெரியும். இன்னொண்ணு, நான் முழுவாம இருக்கேன். நாளைக்கு அத்தைய வர வேணாம்னு சொல்லுங்க, நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்றார் அம்மா.

"கஸ்டமர் நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்னாரு."

"முடிஞ்சுது" என்று சொல்லி அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். கௌரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மானிட்டரில் துடிப்பு ஏறுகிறதா என்று நானும் அருணும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம் ஏறியது. பிறகு இறங்கியது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில், மாலை எடுத்த முடிவு சரியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கும் அப்படிப்பட்ட மாலைகள் வரும். செய்தது சரியென்று அன்றைக்கே தெரிந்துவிட வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள்.

மறுநாள் ஆகஸ்ட் 3. வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில், லாட்ஜின் பெயர் எழுதிய சட்டையோடு ஒரு இளைஞர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தோளில் துணிப்பை.

"டாக்டர், நான் சதீஷ். கௌரி வூட்டுக்காரர். ராத்திரி டியூட்டியில மாத்தி வுட ஆளில்ல. இப்பதான் வுட்டாங்க."

"நேத்து போன்ல ஒண்ணும் பேசலையாமே?"

"இன்னா பேசறதுன்னே தெரியல டாக்டர். கவுண்டர்ல ஒரு குடும்பமே சாவிக்குக் கத்திக்கினு நிக்குது. நான் அப்படியே நின்னுட்டேன்."

"உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கத்துனாங்க. இன்னும் கத்துவாங்க. கௌரிக்கே நேத்துத்தான் தெரியும்னு அவளே எங்கிட்ட சொல்லிட்டா. அப்புறம் நான் யாரக் கேக்க? அவங்கம்மாகிட்ட எனக்குக் கோவம்தான், இல்லேன்னு சொல்லல. அத வந்தப்புறம் பாத்துக்கறேன். வண்டி எத்தன மணிக்கு?"

உள்ளே அழைத்துப் போனேன். கௌரி தலைசீவி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கால்களைச் சற்று மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அஞ்சலை ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் ஒருமுறை பரிசோதிக்க ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். கௌரி என் கையைப் பார்த்தாள்.

"டாக்டர், நேத்து நீங்க கேட்டீங்க, அந்த டாக்டரும் கேட்டாரு. அது எனக்குக் கேக்குமா?"

ஆக, அன்று காலை நான் செய்த முதல் வேலை, காதுமுனைகளைத் துடைத்து அவள் காதில் மாட்டியதுதான். மறுமுனையைச் சரியான இடத்தில் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் வைத்தேன். அவள் முகம் இறுகி, பிறகு மெல்லத் தளர்ந்தது. கண்கள் எங்கேயும் பார்க்கவில்லை.

சதீஷ் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, "இன்னா கேக்குது?" என்றார்.

"சும்மா இருங்க" என்றாள் கௌரி. "நான் இன்னும் கேட்டு முடிக்கல."